காதுக்குக் கருவி, கண்ணுக்கு மொழி

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், மருத்துவர் அறை வாசலில் நின்று ஒருவர் பெயர்களைக் கூப்பிடுவார். இரண்டு முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அந்தச் சீட்டு அடியில் போய்விடும். எழும்பூரில் ரயில் வேறு நடைமேடைக்கு மாறிவிட்டதை முதலில் சொல்வது ஒலிபெருக்கி. வங்கி அட்டை தொலைந்தால் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, ஒரு குரல் சொல்லும் எண்களை அழுத்திக்கொண்டே போக வேண்டும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் 108-க்குப் பேச வேண்டும். இவை எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு ஏற்படுத்தவில்லை. எல்லோருக்கும் காது கேட்கும் என்று எடுத்துக்கொண்டு ஏற்படுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் விலையைக் காது கேளாதவர்கள் அன்றாடம் கொடுக்கிறார்கள்.

எத்தனை பேர் அவர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் சற்று மேல் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட உலகச் செவித்திறன் அறிக்கை, உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்புக் குறைவு இருப்பதாகவும், அவர்களில் 43 கோடிப் பேருக்கு மருத்துவமோ கருவியோ பயிற்சியோ தேவைப்படும் நிலை என்றும் கணக்கிட்டது. இந்த 43 கோடியை எண்ணும்போது, நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தாலே அந்த நிறுவனம் சேர்த்துக்கொள்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இரு காதிலும் 60 டெசிபல் இழந்த பிறகே ஒருவரைக் கேட்புக் குறைந்தவர் என்று ஏற்கிறது. 70 டெசிபல் இழந்தால் காது கேளாதவர். 50 டெசிபல் இழந்துவிட்ட ஒரு தையல்காரர், எதிரில் நின்று வாடிக்கையாளர் சொல்லும் அளவு காதில் சரியாக விழாமல் தடுமாறுவார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் நம்மைப் போலவே நன்றாகக் கேட்கிறவர். அடையாள அட்டை கிடைக்காது, உதவியும் கிடைக்காது. வயதால் கேட்பு மங்கிய பெரியவர்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் நிற்கிறது.

இவர்கள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. பிறவியிலேயே கேளாதவருக்குச் சைகை மொழிதான் இயல்பான மொழி. முப்பது வயதில் காய்ச்சலாலோ மருந்தாலோ கேட்பை இழந்தவர் தமிழில் நினைப்பவர், தமிழில் பேசுபவர். அவருக்குச் சைகை அந்நியம், எழுத்தே உயிர்நாடி. எழுபது வயதுத் தாத்தாவுக்குக் காது மிஷினும், எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசும் பேரனும் போதும். மூவருக்கும் ஒரே தீர்வை நீட்டுவதால்தான் நம் திட்டங்களில் பாதி வீணாகின்றன.

நீண்ட காலம் உலகம் நம்பிய தீர்வு உதடு பார்த்தல். எதிரில் இருப்பவரின் வாயசைவைக் கவனித்தால் பேச்சு புரிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்றும் படித்தவர்களிடம் உண்டு. கண்ணாடி முன்னால் நின்று ஒலி எழுப்பாமல் பணம், மணம், மனம் என்று மூன்றையும் சொல்லிப் பாருங்கள். உதடு மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்று. ணகரமும் னகரமும் நாக்கின் வேலை, வெளியே தெரியாது. ககரம் தொண்டைப் பக்கம் ஒளிந்துவிடும். லகர ளகர ழகர வேறுபாடு காதுக்கே சோதனை என்றால் கண்ணுக்கு எப்படி அகப்படும்? நன்றாக உதடு பார்க்கத் தெரிந்தவர்கூடக் கிடைத்த பாதியை வைத்து மீதியை ஊகித்துக்கொண்டே போகிறார். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். பேசுபவர் மீசைக்காரராக இருந்தாலோ, வெற்றிலை மென்றாலோ, ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றாலோ அந்தப் பாதியும் போய்விடும். 2020-இல் ஊரெல்லாம் முகக்கவசம் போட்டபோது கேட்புக் குறைந்தவர்களுக்கு மனிதர்கள் ஒரே நாளில் மறைந்துபோனார்கள்.

அடுத்த நம்பிக்கை கருவி. காது மிஷின் ஒலியைப் பெரிதாக்கும். அதைத் தெளிவாக்குவது அதன் கையில் இல்லை. உள்காதின் நத்தை எலும்பிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் சிதைந்துவிட்டால், எவ்வளவு சத்தம் ஏற்றினாலும் சொல் துலங்காது. மின்விசிறி, நாற்காலி இழுபடும் ஓசை, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு எல்லாமே சேர்ந்து பெரிதாகும். ஆசிரியர் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் அவருடைய குரல் இந்தக் கூட்டத்தில் கலந்துவிடும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் இதைவிடப் பெரிய பாய்ச்சல். சிதைந்த செல்களைக் கடந்து, மின்துடிப்புகளை நேராகக் கேட்பு நரம்புக்கு அனுப்புகிறது. தனியாரிடம் பல லட்சம் ரூபாய் ஆகும் இந்த அறுவை சிகிச்சையை, ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்துவைப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. இதை மனம் நிறைந்து பாராட்ட வேண்டும். ஆனால் அறுவை சிகிச்சை தொடக்கம்தான். பிறகு கருவியின் மின்துடிப்பு அளவுகளைக் குழந்தைக்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி வேண்டும். அதற்கு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறி வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். வெளியே மாட்டும் பகுதி சில ஆண்டுகளில் பழுதாகும். அதை மாற்றும் செலவு ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானம். கேபிள் அறுந்தாலே மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் கருவிகள் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் குளிக்கும்போதும் உறங்கும்போதும் அதைக் கழற்றிவைக்க வேண்டும். கழற்றிய பிறகு அந்தக் குழந்தை கேளாத குழந்தைதான். அந்த நேரத்தில் அதனிடம் தாய் எந்த மொழியில் பேசுவாள்?

பிரச்சினையின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. குழந்தையின் மூளை முதல் மொழியைப் பற்றிக்கொள்ளும் காலம் சில ஆண்டுகளே. அது பேச்சாக இருந்தாலும் சரி, சைகையாக இருந்தாலும் சரி, முழுமையான ஒரு மொழி அந்தக் காலத்துக்குள் கிடைத்தாக வேண்டும். கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. பேச்சு காதில் விழாது. இரண்டும் இல்லாமல் ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்குத் தன் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். இந்த மொழியின்மையை அதன் செவியின்மை உண்டாக்கவில்லை. பெரியவர்களாகிய நாம்தான் உண்டாக்கினோம்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கேளாதோர் கல்வியாளர் மாநாடு கூடி, பள்ளிகளில் பேச்சுமுறையே உயர்ந்தது, சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானம் உலகெங்கும் வகுப்பறைகளில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோதும், அடுத்து வந்த பல மிஷன் பள்ளிகள் எழும்பியபோதும், காற்று அந்தப் பக்கமே வீசிக்கொண்டிருந்தது. இருந்தும் எந்த நாட்டிலும் பிள்ளைகள் சைகையை விடவில்லை. வகுப்பில் தடுக்கப்பட்டது விடுதியில் வளர்ந்தது. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அது வெறும் கையாட்டம் இல்லை, இலக்கணம் உள்ள மொழி என்று அறிஞர் உலகத்தை ஏற்கவைத்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஸ்டோக்கோ. அவருடைய ஆய்வு 1960-இல் வெளிவந்தது. இந்தியாவில் 1970-களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டாவும் உடன் ஆய்வாளர்களும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு சைகைகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். வசிஷ்டா சிறுவயதில் கேட்பை இழந்தவர். இமாசல கிராமத்திலிருந்து அமெரிக்காவின் கல்லாடெட் பல்கலைக்கழகம் வரை போனவர். இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். எதிர்மறையும் கடைசியில் வரும். புருவமும் தோளும் பார்வையும் இலக்கணத்தின் உறுப்புகள். முகத்தை மறைத்தால் வினா விடையாகிவிடும். மிலான் தீர்மானங்களைக் கேளாதோர் கல்விக்கான உலக மாநாடு கைவிட்டு வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. அது நடந்தது 2010-இல், வான்கூவரில்.

பேச்சுமுறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயையும் சேர்த்துப் பயிற்றுவித்து, பிள்ளைகளைப் பேசவைத்துப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. அது பெரிய சாதனை. ஆனால் அங்கே நடப்பது ஒவ்வொரு தாயும் ஆண்டுக்கணக்கில் அன்றாடம் உட்கார்ந்து செய்யும் தவம். கீரை விற்கும் தாய்க்கும் செங்கல் சூளைத் தாய்க்கும் அந்தப் பொழுது எங்கே இருக்கிறது? பேச்சா, சைகையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பெரியவர்கள் வாதாடும்போது பிள்ளையின் பொன்னான ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சம் இன்னும் சில மருத்துவர் அறைகளில் உலவுகிறது. கருவியும் பேச்சுப் பயிற்சியும் கொடுக்கும் அதே வாரத்தில் சைகையையும் தொடங்குவதே பாதுகாப்பு: பேச்சு வந்தால் இரண்டு மொழி, வராவிட்டால் ஒரு மொழியாவது நிச்சயம்.

இனி எழுத்துக்கு வருவோம். காது கேளாதவருக்கு எழுதிக் காட்டினால் போதுமே என்று தோன்றும். தமிழில் அது அத்தனை எளிதில்லை. நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் ஒன்று. கேட்கும் குழந்தை ஐந்து வயதுக்குள் பேச்சுத் தமிழை வீட்டிலேயே கரைத்துக் குடித்துவிட்டு, பள்ளியில் அதன் மேல் எழுத்துத் தமிழை அடுக்குகிறது. கேளாத குழந்தைக்கு அடித்தளமே கிடையாது. "போய்விட்டு வந்தேன்" என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "போய்ட்டு வந்துட்டேன்" புதிராக நிற்கும். வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நீளும் சொற்களைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடும் உழைப்பு. இதற்குச் சிறப்பான கற்பிக்கும் முறை காண்பதற்குப் பதிலாக, பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறோம். கருணையால் கொடுத்த சலுகைதான். தேர்ச்சிக்கு அது உதவுகிறது. ஆனால் படித்து முடித்து வெளியே வருகிற இளைஞரால் ஒரு வங்கி விண்ணப்பத்தை, ஒரு செய்தித்தாள் பத்தியை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாமல் போகும்போது அந்தச் சலுகையின் மறுபக்கம் தெரிகிறது. போதாக்குறைக்கு, இந்திய சைகை மொழியில் பெயர்களை விரலால் எழுத்துக்கூட்டிக் காட்டப் பரவலாகப் புழங்குவது இரண்டு கையால் காட்டும் ஆங்கில அகரவரிசை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை தன் ஊர்ப்பெயரைக் காட்ட ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கியது. 2018-இல் மூவாயிரம் சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் பத்தாயிரம் சொற்களைத் தொட்டது. பாடநூல்களைச் சைகைக் காணொளியாக்க என்.சி.இ.ஆர்.டி.யுடன் 2020-இல் ஒப்பந்தமானது. 2024 டிசம்பரில் சைகை மொழிக்கென்றே ஒரு கல்வித் தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் கேளாத மாணவர்களுக்குத் தனிப் பட்டப் படிப்புகள் உள்ளன. அடையாறு செயின்ட் லூயிஸ் கல்லூரி அவர்களுக்காகவே இருக்கிறது.

முறையாகச் சான்றிதழ் பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள்தான் போதவில்லை. இத்தனை பெரிய நாட்டுக்குச் சில நூறு பேர். 2023 செப்டம்பரில் கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் வழியாக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது நாடு முழுதும் செய்தியானது. அது செய்தியானதே நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது. பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியோடு பதிந்து, காணொளியாகவும் எடுக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொன்னது. ஒரு வட்டத் தலைநகரின் காவல் நிலையத்துக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் வருவார்? நடைமுறையில் வருவது பக்கத்து வீட்டுக்காரர். அல்லது பிள்ளை. கேளாத பெற்றோரின் காது கேட்கும் பத்து வயது மகள், தாயின் கருப்பைக் கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதைத் தாய்க்குச் சைகையில் சொல்கிறாள். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அந்தக் குழந்தை முடிவெடுக்கிறது. அந்தச் சுமையை எந்தக் குழந்தை மேலும் ஏற்றக் கூடாது.

தமிழ்ச் சமூகம் தானே, உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டென்றால் அது வசன வரி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வசன வரியோடு முதல் நிகழ்ச்சி 1972-இல் வந்தது. ஒரு சமையல் நிகழ்ச்சி. வசன வரியைக் காட்டும் சில்லு தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 1990-இல் அங்கே சட்டம் வந்தது. இந்தியாவில் 2016 சட்டமே கேளாதோருக்கு வசன வரியும் சைகையும் கிடைக்கச் செய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. தொலைக்காட்சிகளுக்கான தரநிலைகள் 2019-இல் வந்தன. 2023 ஜனவரியில் "பதான்" படத்தின் ஓ.டி.டி. வெளியீட்டில் வசன வரியும் காட்சி விவரிப்பும் சேர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கும் வழிகாட்டு நெறிகள் வெளியாயின.

நம் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். "மொழி" 2007-இல் கேளாத பெண்ணை நாயகியாக்கியது. காது கேளாத அபிநயா 2009-இல் "நாடோடிகள்" படத்தில் நடித்து நம் எல்லோரையும் கவர்ந்தார். ஆனால் இணையத் திரையில் தமிழ்ப் படத்தைத் திறந்தால் பெரும்பாலும் இருப்பது ஆங்கில வசன வரி. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் வரி இல்லை. தமிழ்வழியில் படித்த கேளாத இளைஞரும், கேட்பு மங்கிய நம் பாட்டியும் தங்கள் மொழிப் படத்தை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பணம் தடையென்று யாரும் சொல்ல முடியாது. எழுதிய வசனம் கையில் இருக்கிறது. அதை நேரத்தோடு பொருத்தும் வேலை படத்தின் மொத்தச் செலவில் ஒரு தூசு. பலன் கேளாதோரோடு நிற்கப்போவதும் இல்லை. பாடல்களுக்கு அதே மொழியில் வரி ஓடவிட்டால் அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் வாசிப்பு உயர்கிறது என்பதை, ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1990-களிலிருந்து இந்தியத் தொலைக்காட்சிகளில் செய்துகாட்டியிருக்கிறார்.

வரியைப் பேச்சுத் தமிழில் போடுவதா, எழுத்துத் தமிழிலா என்ற கேள்வி எழும். பாத்திரம் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது, எழுத்துக்கூட்டலை மட்டும் எழுத்துத் தமிழுக்கு அருகில் வைக்கலாம் என்பது என் கருத்து. கேட்பை இடையில் இழந்தவருக்குப் பேச்சின் சுவை வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு அடையாளம் தெரியும் சொல் வேண்டும். இதைக் கேளாதோர் சங்கங்களோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து பேசி ஒரு மரபாக்க வேண்டும். செய்திச் சேனல்கள் சைகைக்குக் கொடுக்கும் சிறு சதுரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓடும் எழுத்துப் பட்டைக்கு மேலே வைத்தாலே நல்லது. விரலும் முகமும் தெரியாத சைகை யாருக்கு?

கைப்பேசி நிறைய மாற்றியிருக்கிறது. வீடியோ அழைப்பு வந்தபின் ரயிலில் ஒரு கையில் போனைப் பிடித்து மறு கையால் பேசிச் சிரிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறோம். கூகுள் 2019-இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி, எதிரில் பேசுவதைத் தமிழிலும் எழுத்தாக்குகிறது. நிதானமாக, பொதுத் தமிழில், சத்தமில்லா அறையில் பேசினால் உதவும். நெல்லைப் பேச்சிலும் சந்தை இரைச்சலிலும் தடுமாறும். சைகையைப் பேச்சாக்கும் கையுறை என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு கல்லூரி பரிசு வாங்குகிறது. முகத்தில் பாதி இலக்கணம் வைத்திருக்கும் மொழியைக் கையுறை எப்படிப் படிக்கும்? அந்த மாணவர்கள் தொடங்கும் முன் ஒரு கேளாதவரைக் கேட்டிருந்தால் வேறு நல்ல காரியம் செய்திருப்பார்கள். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், எழுத்தையும் பேச்சையும் இடையிலிருந்து மாற்றித்தரும் சேவையைத் தொலைபேசி நிறுவனங்களின் கடமையாக்கியது. நம் நாட்டிலும் 108-லிருந்து மின்வாரியம் வரை குறுஞ்செய்தியாலும் வீடியோ அழைப்பாலும் எட்டும்படி செய்வது சாத்தியமே. அணுகல் தரநிலைகளைப் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இது இனி தயவு தாட்சண்யத்தின் பாற்பட்டதல்ல.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவு இருக்கிறது. பரம்பரைக் கேளாமை அங்கே தலைமுறைகளாக ஓடியது. சில சிற்றூர்களில் மிக அதிகம். அதனால் காது கேட்பவர்களும் சிறுவயது முதலே சைகை கற்றார்கள். படகுக்குப் படகு மீனவர்கள் சைகையில் பேசினார்கள். நோரா குரோஸ் 1985-இல் எழுதிய நூலில், அந்தத் தீவின் முதியவர்கள் கேளாதவர்களைத் தனி வகையாகவே நினைவில் வைத்திருக்கவில்லை என்பதைப் பதிவுசெய்தார். நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் அலிப்பூரிலும் ஊரார் பலர் கைவழியே பேசிப் பழகியவர்கள். காது அங்கே யாருக்கும் திருந்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டிடம் என் கோரிக்கை இதுதான். குழந்தைக்குக் கேட்கவில்லை என்று உறுதியாகும் அதே மருத்துவமனையில், அதே நாளில், நன்றாக வாழும் ஒரு கேளாத பெரியவரைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்துங்கள். சம்பளம் கொடுத்து அவரை அந்தப் பணிக்கு அமர்த்துங்கள். மாவட்டத்துக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் பணியிடத்தையாவது நிரந்தரமாக்குங்கள். தமிழ்ப் படத்தையும் தொடரையும் தமிழ் வசன வரி இல்லாமல் வெளியிடாதீர்கள். வீட்டில் கேளாத பிள்ளையோ, தெருவில் கேளாத நண்பரோ இருக்கும் வாசகருக்கு: அந்தப் பத்தாயிரம் சொல் அகராதி காணொளியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இரவே திறந்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கான சைகையைக் கற்றுக்கொள்ளுங்கள்.